நரம்பு எடுத்த பல் காய்ந்த விறகா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்துக் கேள்வி பதிலில், நரம்பு எடுத்த, அதாவது ரூட் கனால் செய்த, பல்லில் ஈரம் செத்துவிடும், அது காய்ந்த விறகு மாதிரி, என்றைக்கிருந்தாலும் உடையும், ஆகவே காசைச் செலவழித்து அதை வைத்துக்கொண்டிருப்பதைவிடப் பிடுங்கிவிடுவதே மேல் என்ற பொருளில் ஒரு பதில் வந்திருந்தது. எங்கள் ஊர்ச் சலூனில் யாரோ அதைச் சத்தமாக வாசிக்க, உட்கார்ந்திருந்த நாலு பேரில் மூன்று பேர் தலையாட்டினார்கள். சில வருஷங்களுக்கு முன்பென்றால் நானும் ஆட்டியிருப்பேன். இப்போது ஆட்ட முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பல் டொக்டர் இல்லை. 31 வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு ஓய்வில் இருப்பவன். ஒரு பொருளில் இருந்து ஈரம் போனால் அது என்ன ஆகும் என்று பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. தொழிற்சாலைக்கு வரும் பச்சைக் கொழுந்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். ட்ரையரை விட்டு வெளியே வரும் தூளில் 3 சதவீதம் சொச்சம். இடையில், வாடக் கிடக்கும் கொழுந்தை ஒரு கை அள்ளி அமுக்கிப் பார்ப்போம். பச்சையாக இருந்தால் காம்பு டக்கென்று ஒடியும். பதமாக வாடியிருந்தால் பந்து மாதிரி சுருண்டு, கையை விட்டதும் மெல்ல விரியும். முழுக்கக் காய்ந்ததை அமுக்கினால் உள்ளங்கையில் தூள்தான். ஆகவே ஈரம் இருந்தால் நல்லது, போனால் கெட்டது என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் எனக்கு உடனே நம்பிக்கை வராது. எந்தப் பொருள், எவ்வளவு ஈரம், அது எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போவேன். பல் விஷயத்தில் மட்டும் அதைக் கேட்க மறந்துபோனேன் என்பதுதான் வெட்கம்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015இல் எனக்கு வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில் நரம்பு எடுத்தார்கள். ஏற்கெனவே இரண்டு பக்கமும் சொத்தை தின்று, பெரிதாக அடைத்திருந்த பல் அது. சிகிச்சை முடிந்ததும் டொக்டர், இதற்கு மேல் ஒரு கிரவுன், பல்லை மூடுகிற தொப்பி மாதிரி ஒரு உறை, போட்டே ஆக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். விலையைக் கேட்டுவிட்டு, வலிதான் போய்விட்டதே, மூத்தவளின் கல்யாணம் முடியட்டும் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். கல்யாணம் முடிந்தது, தீபாவளி வந்தது, பக்கத்து வீட்டு முறுக்கை ஒரு கடி கடித்தேன். பெரிய சத்தம்கூட இல்லை. நாக்கால் தடவினால் பல் இரண்டு துண்டாக ஆடுகிறது. வேர்வரை பிளந்துவிட்டதால் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அதற்குப் பிறகு கேட்டவர்களிடமெல்லாம் நானும் அந்த விறகுக் கதையைத்தான் சொன்னேன். நரம்பு போனால் ஈரம் போச்சு, ஈரம் போனால் பல் போச்சு என்று. என் பேச்சைக் கேட்டு எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருவர் நரம்பு எடுத்த தன் பல்லை, அது நன்றாக இருக்கும்போதே பிடுங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பாவம் என்னுடையது.

பேராதனையில் பல் மருத்துவம் படிக்கிற என் அக்கா மகள் ஒரு லீவுக்கு வந்தபோது இந்தக் கதையை அவளிடமும் எடுத்துவிட்டேன். "மாமா, நீங்க பாதி சரியா சொல்றீங்க, அந்தப் பாதிதான் ஆபத்து" என்றாள். அவள் எடுத்துத் தந்த கட்டுரைகளை அகராதியும் கையுமாக வாசித்துத்தான் இதை எழுதுகிறேன். தவறு இருந்தால் அது என்னுடையது, பிள்ளையுடையது அல்ல.

பல்லை நாம் கல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மேலே தெரிகிற வெள்ளை ஓடு, எனாமல், உண்மையில் கல்லுக்கு நெருக்கம்தான். எடையில் 96 சதவீதம் கனிமம். ஆனால் அந்த ஓட்டுக்குள்ளே பல்லின் பெரும்பகுதியாக இருப்பது டென்டின் என்கிற மஞ்சள் பொருள். அதில் எடைக்கு எடை 70 சதவீதம் அளவு கனிமம், 20 சதவீதம் அளவு கொலாஜன் முதலான புரதம், மிச்சம் 10 சதவீதம் தண்ணீர். பத்துத்தானே என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீர் பாரம் குறைந்த சாமான், இடத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் டென்டினில் ஐந்தில் ஒரு பங்கு அதுதான்.

இந்தத் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. டென்டின் முழுக்க, உள்ளே நரம்பு இருக்கும் அறையில் இருந்து வெளிப்புறம் நோக்கி ஓடுகிற கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் உண்டு. நரம்புக்குப் பக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் 40,000க்கு மேல். அந்தக் குழாய்களில் நிற்பது ஒரு தண்ணீர், அது சுலபமாகப் போய்வரும். இன்னொன்று கொலாஜன் இழைகளோடும் கனிமத் துகள்களோடும் ஒட்டிக்கிடக்கிற தண்ணீர். அதை லேசில் கழற்ற முடியாது. பல் முறியாமல் வளைந்து கொடுக்கும் குணத்துக்கு ஆதாரமாக இருப்பது இந்த ஒட்டிக்கிடக்கிற ஈரம்தான்.

இதை எனக்கு யாரும் படம் போட்டு விளக்கவில்லை, எங்கள் தப்பு மேளம் விளக்கியது. மாசி மாதக் காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கிறவர்கள் ஆட்டம் தொடங்குமுன் வைக்கோலையோ சருகையோ கொளுத்தி, தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கத்துப் பனிக்குத் தோல் தொளதொளவென்று கிடக்கும், தட்டினால் சாக்கைத் தட்டிய மாதிரி இருக்கும். நெருப்பில் காட்டக் காட்டத் தோல் இறுகி, கணீரென்று பேசத் தொடங்கும். பனியில் அரை மணித்தியாலம் வைத்தால் மறுபடி தொங்கிவிடும், மறுபடி காய்ச்சுவார்கள். ஆசை மிஞ்சி ரொம்பக் காய்ச்சினால் ஓரத்தில் வெடிப்பு விடும், அடிக்கிறவர் காய்ச்சியவரை ஒரு பார்வை பார்ப்பார். சரி, தோலுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்றால், தோலை நெய்திருக்கிற அதே கொலாஜன்தான் டென்டினையும் நெய்திருக்கிறது. இழைகளுக்கு இடையே தண்ணீர் நிற்கும்வரை அவை ஒன்றின் மேல் ஒன்று சற்றே வழுக்கிக் கொடுக்கும். தண்ணீரை எடுத்துவிட்டால் இழைகள் நேருக்கு நேர் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விறைத்துவிடும். விறைப்பு கூடுகிறது, கொடுத்துப் போகிற குணம் குறைகிறது. தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தால் பழைய குணம் பெரும்பாலும் திரும்புகிறது.

பல்லில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1993இல் வந்த ஓர் ஆய்வில், காயவைத்த டென்டின் துண்டு கூடுதல் விறைப்பாக இருந்து, வளையாமல் சடக்கென்று முறிந்தது. அதே மாதிரித் துண்டை மறுபடி நனைத்ததும் ஈரத் துண்டு போலவே நடந்துகொண்டது. இதில் எனக்குப் பிடித்தது, காய்ந்த துண்டு பலவீனமானது என்று யாரும் சொல்லவில்லை என்பது. சும்மா அமுக்கிப் பார்த்தால் காய்ந்ததுதான் கெட்டி. ஒரு கீறல் விழுந்த பிறகுதான் சாயம் வெளுக்கிறது, அது இன்னோர் ஆய்வில் தெரிந்தது. ஈரமான டென்டினில் கீறலின் நுனி மழுங்கிப்போகும், கீறலுக்குப் பின்னால் ஆங்காங்கே முறியாத பாலங்கள் நின்று இரு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும், ஆகவே கீறல் ஒவ்வோர் அடிக்கும் கூலி கொடுத்துத்தான் நகர வேண்டும். காய்ந்ததில் நுனி கூராகவே இருந்து, வழியில் ஒரு தடையும் இல்லாமல் ஓடிவிடும். பச்சைக் கம்பை ஒடித்துப் பாருங்கள், நார் விடாது. காய்ந்த சுள்ளி உங்களைக் கேட்காது.

கீறலைப் பற்றிச் சொன்ன அந்த ஆய்வு 2003இல் கலிபோர்னியாவில் செய்தது, அதற்கு எடுத்த பொருள் யானைத் தந்தம். நம்மிடம் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். தந்தம் என்பதே பெரும்பாலும் டென்டின்தான், பெரிய துண்டாகக் கிடைக்கிற டென்டின். வெயிலும் வறட்சியும் பட்ட பழைய தந்தச் சாமான்களில் நெடுக விரிசல் ஓடியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கண்டிக்குப் போனால் 1988இல் இறந்த ராஜா என்ற யானையைத் தலதா மாளிகை வளவில் பதம் பண்ணி வைத்திருப்பதைக் காணலாம். இப்போதெல்லாம் நான் போனால் யானையைப் பார்ப்பதில்லை, தந்தத்தைத்தான் உற்றுப் பார்க்கிறேன். வீட்டுக்காரிக்குப் பொறுமை போய்விடுகிறது.

இதுவரைக்கும் உங்கள் பதில் எழுதியவர் பக்கம்தான் நியாயம் போலத் தெரியும். காய்ந்த பல் சடக்கென்று முறியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நரம்பு எடுத்த பல் உண்மையில் காய்கிறதா? கேள்வி அதுதான், அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

காய்கிறது என்ற நம்பிக்கைக்கு ஒரு அடிப்படை இல்லாமல் இல்லை. 1972இல் நாய்ப் பற்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் நரம்பு இல்லாத பல்லில் ஈரம் ஏறத்தாழ 9 சதவீதம் குறைவு என்று வந்தது. அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் கதை ஊர் ஊராகப் பரவியது போல. பின்னர் 1994இல் மனிதப் பற்களை எடுத்து, நரம்பு எடுத்ததையும் எடுக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். இரண்டிலும் 12 சதவீதத்தை ஒட்டித்தான் ஈரம், சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னர், ஒரே வாயில் இருந்து நரம்பு எடுத்த பல்லையும் எதிர்ப்பக்கத்து அதே பல்லையும் ஜோடியாக எடுத்து உடைத்துப் பார்த்தார்கள். நரம்பு எடுத்த பல் கூடுதலாக நொறுங்குகிறது என்பதற்குச் சாட்சி கிடைக்கவில்லை. யோசித்தால் ஆச்சரியமும் இல்லை. பல்லின் வேர் தாடை எலும்புக்குள் ஈரமான சவ்வு சூழ ஊன்றி நிற்கிறது, மேல் பாகம் நாள் முழுக்க எச்சிலில் குளிக்கிறது. ஒட்டிக்கிடக்கிற அந்த ஈரம் வாய்க்குள் இருக்கிற சூட்டில் ஆவியாகி எங்கே போகும்?

அப்படியென்றால் என் பல் ஏன் பிளந்தது? அதற்கான பதில் 1989இல் வந்த ஓர் அளவையில் இருக்கிறது. பிடுங்கிய சிறிய கடைவாய்ப் பற்களை எடுத்து, ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் பல்லின் விறைப்பு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். நரம்பு எடுப்பதற்காகத் துளை போட்டால் 5 சதவீதம். மேலே மட்டும் குழி வெட்டினால் 20. மேல்பக்கத்தோடு இரண்டு பக்கத்தையும் சேர்த்து, பல்லின் விளிம்புச் சுவர்கள் போகிற மாதிரி வெட்டினால் 63. பாருங்கள், நரம்பு எடுத்ததற்கு ஐந்து, சொத்தை தின்று நாம் வெட்டிக் கொடுத்த சுவருக்கு அறுபத்து மூன்று. என் பல்லில் இரண்டு பக்கச் சுவரும் போயிருந்தன. முன்சுவரும் பின்சுவரும் இல்லாத லயக் காம்பரா எத்தனை காற்றுக்குத் தாங்கும்? அதைக் கட்டிப் பிடிக்கத்தான் அந்த மனிதர் கிரவுன் போடச் சொன்னார். நான் ஈரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொண்டேன்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அக்கா மகள் கோபிப்பாள். நரம்பு எடுக்கும்போது உள்ளே கழுவுகிற மருந்து அளவுக்கு மிஞ்சினால் கொலாஜனைத் தின்னும், ஆகவே அந்தச் சிகிச்சை பல்லைத் தொடவே தொடாது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அது வேறு கதை, காய்தல் இல்லை.

பல் துண்டு உண்மையிலேயே காய்ந்துபோவதை நான் கண்ணால் பார்த்தது போன வருஷம், என் பேரன் விஷயத்தில். ஒன்பது வயது. லயத்துப் படியில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து முன் பல்லில் ஒரு மூலை பறந்துவிட்டது. துண்டை அவனே தேடி எடுத்தான், கெட்டிக்காரன். என் சம்பந்தியம்மா அதை வாங்கி, விழுந்த பல்லைச் சாணியில் பொத்திக் கூரைமேல் எறிவதுதானே முறை என்று தகரத்தை நோக்கிக் கையை ஓங்கிவிட்டார். பிடுங்கி வைத்துக்கொண்டோம். வீட்டுக்காரி அதைக் கவனமாக டிஷூவில் சுற்றி, மடித்து, சேலை முந்தானையில் முடிந்தாள். மறுநாள் காலை பஸ் பிடித்துக் கிளினிக்கில் போய் முடிச்சை அவிழ்த்தால், துண்டு சோக்குக் கட்டி மாதிரி வெளுத்திருந்தது. வாயில் இருந்த மிச்சப் பல் இளமஞ்சள், துண்டு சுண்ணாம்பு வெள்ளை. வேறு யாருடைய பல்லையோ கொண்டுவந்தது போல இருந்தது.

டொக்டர் அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சிறிய கிண்ணத்தில் சேலைனை ஊற்றி அதற்குள் போட்டார். கொஞ்சம் வெளியே இருங்கள், அது தண்ணீர் குடிக்கட்டும் என்றார். குடிக்கட்டும் என்றுதான் சொன்னார். நாங்கள் கன்ரீனில் ஒரு பிளேன்டி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, முழுக்க இல்லாவிட்டாலும், துண்டுக்கு நிறம் திரும்பியிருந்தது. குழாய்களில் தண்ணீருக்குப் பதில் காற்று புகுந்துகொண்டால் வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரியுமாம். நிறம் மட்டுமில்லை, நனைத்து ஒட்டிய துண்டு காய்ந்தபடி ஒட்டியதைவிட உறுதியாக நிற்கும் என்றும் சொன்னார். ஒட்டினார். பேரன் இப்போது அந்தப் பல்லால்தான் சோளம் கடிக்கிறான், கூடாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

ஆகவே உங்கள் பக்கத்தில் ஈரத்தைப் பற்றி எழுதுவதானால் இதை எழுதுங்கள்: பல் உடைந்து துண்டு கிடைத்தால் டிஷூவில் சுற்ற வேண்டாம், ஒரு சிறிய போத்தலில் தண்ணீரோ பாலோ விட்டு அதில் போட்டுக் கொண்டுபோங்கள். இதோடு ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பல் வேரோடு முழுசாகக் கழன்று விழுந்தால் சட்டம் வேறு. அங்கே காக்க வேண்டியது டென்டினின் ஈரத்தை அல்ல, வேரின் மேல் ஒட்டியிருக்கிற உயிருள்ள மெல்லிய சவ்வை. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் அது செத்துவிடும். வேரைத் தொடாமல் மேல் பாகத்தைப் பிடித்து, அழுக்கு இருந்தால் ஒரு அலசு அலசி, முடிந்தால் அதே குழியில் வைத்து, முடியாவிட்டால் பாலில் போட்டு, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திராமல் ஓட வேண்டும். பிள்ளையின் பால்பல் என்றால் மட்டும் குழியில் திருப்பி வைக்கக் கூடாது, அதைத் தாராளமாகக் கூரைமேல் எறியலாம், சம்பந்தியம்மாவுக்கும் திருப்தி.

இன்னும் இரண்டு சில்லறை விஷயம். நுவரெலியாக் காற்றில் வாயைத் திறந்தால் பல் கூசுகிறதே, அதுவும் இந்தத் தண்ணீரின் வேலைதான். ஈறு இறங்கி டென்டின் வெளியே தெரிகிற இடத்தில் குளிர்காற்று பட்டதும் குழாய்களில் உள்ள திரவம் அசைகிறது, அந்த அசைவை உள்ளே நரம்பு வலியாகக் கேட்கிறது. சுவீடனில் பிரான்ஸ்ட்ரம் என்பவர் 1960களில் நிறுவியது. அப்புறம், பல் அடைக்கும்போது டொக்டர் ஒரேயடியாகக் காற்றடித்துக் காயவைக்காமல் லேசாக ஈரம் விட்டு வைத்தால் அவர் அரைகுறை வேலை செய்கிறார் என்று நினைக்காதீர்கள். அமிலம் பூசிய டென்டினில் கனிமம் கரைந்துபோய், கொலாஜன் இழைகள் தண்ணீரின் தயவில்தான் நிமிர்ந்து நிற்கின்றன. காய்ந்தால் படுத்துவிடும், பசை உள்ளே இறங்காது.

வயதானால் பல் நொறுங்குவதிலும் தண்ணீருக்குப் பங்கு உண்டு. வயது ஏற ஏற வேர்ப்பக்கத்துக் குழாய்களைக் கனிமம் அடைத்துக்கொண்டு வரும், தண்ணீர் நின்ற இடத்தில் கனிமம் நிற்கும், வேர் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். அப்படிப்பட்ட டென்டினில் கீறலைத் தாங்கும் திறன் ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு என்று 2005இல் அளந்திருக்கிறார்கள். வெற்றிலை பாக்குப் போட்டே எனாமலைத் தேய்த்துவிட்ட எங்கள் ஆயாமார்களுக்கு நரம்பு எடுக்காமலே பல் பிளப்பது இதனாலும்தான்.

கடைசியாக, அந்தப் பிளந்த பல்லைப் பற்றி. பிடுங்கியதும் அதைக் கேட்டு வாங்கி, நெருப்புப்பெட்டியில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன், ஏன் என்று கேட்காதீர்கள். வாயில் இருந்து வந்தபோது அதில் இருந்தது ஒரே ஒரு பிளவு. அக்கா மகளுக்குக் காட்டுவதற்காக மாதக் கணக்கு கழித்துத் திறந்தபோது மயிரிழை மயிரிழையாக ஏழெட்டு விரிசல் நெடுக ஓடியிருந்தன. பிடுங்கிய பல்லை நாங்கள் போத்தலில் தண்ணீருக்குள்தான் வைப்போம் மாமா, இல்லாவிட்டால் பயிற்சிக்கே ஆகாது என்று அவள் சொன்னாள். என் பல் காய்ந்தது அந்தப் பெட்டிக்குள்தான், வாயில் இருந்தவரை அதற்கு ஈரத்துக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், நரம்பு எடுத்த பல்லைக் காய்ந்துவிடும் என்று பயந்து பிடுங்க வேண்டாம், சுவர் போயிருந்தால் கிரவுன் போடுங்கள் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். சலூனில் நானே சத்தமாக வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஊழியர் ஒருவர்,
தலவாக்கலை.